ஒட்டடைக்கம்பும் ஆப்பிள் பெட்டியும்

எங்கள் வீட்டு ஒட்டடைக்கம்பு சிங்கப்பூரிலிருந்து வந்தது என்று சொன்னால் என் வகுப்பில் ஒருத்தியும் நம்பமாட்டாள். ஆனால் அது சத்தியமான உண்மை. அப்பாவோடு பஞ்சாலையில் வேலை பார்த்த ஒருவருடைய மைத்துனர் அங்கிருந்து கொண்டுவந்த தூண்டில் அது. அந்த நண்பர் ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மூங்கில் கிடையாது, ஃபைபர். இரண்டு துண்டாகக் கழற்றலாம், வேண்டும்போது ஒன்றில் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். தூண்டில் நரம்பு ஓடுவதற்காக அதன் உடம்பு நெடுக சின்னச் சின்ன இரும்பு வளையங்கள் இருந்தன. ஒவ்வொரு வளையத்தையும் நூலால் சுற்றிக் கட்டி, அந்த நூலின் மேல் கண்ணாடி மாதிரி மினுங்கும் ஒரு பூச்சுப் போட்டிருப்பார்கள்.

எங்களுடையது சைவ வீடு. பேக்கரியில் கேக் வாங்கினால் முட்டை போட்டதா என்று கடைக்காரர் சலித்துக்கொள்ளும்வரை கேட்கிறவள் அம்மா. அப்பாவும் மீனைத் தின்றதில்லை. பிடிப்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமையானால் திருமங்கலம் பக்கத்துக் கண்மாய் ஏதாவது ஒன்றின் கரையில் போய் உட்கார்ந்துகொள்வார். கிடைத்ததை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு, வயல்காட்டுப் பம்புசெட்டில் குளித்து, சட்டையையும் மாற்றிக்கொண்டு நல்ல பிள்ளையாக வீடு திரும்புவார். அம்மாவின் மூக்கை ஏமாற்ற அது போதாது.

“கொன்னா பாவம் தின்னா போச்சும்பாங்க. இவரு தின்னவும் மாட்டாரு. அந்தப் பாவம் எங்கிட்டுப் போய்த் தீரும்?” என்று அடுப்படியிலிருந்து கேட்பாள். அப்பா அவர் பாட்டுக்குத் தூண்டிலைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாளுக்குத் தளிகை போட்டு இலையை விரித்து வைத்துக்கொண்டு நாங்கள் காத்திருக்க, அவர் கண்மாயிலிருந்து வந்து சேர்ந்தார். அம்மா அதை மனதில் வைத்துக்கொண்டாள். அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு வீடு சுத்தம் செய்தபோது, தூண்டிலின் நுனியில் ஒரு தென்னந்துடைப்பத்தைச் சணலால் இறுக்கிக் கட்டி ஒட்டடை அடித்தாள். அப்பா வாசலில் நின்று பார்த்தார். “உயரம் பத்துதா?” என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான் அவருடைய கோபம். அன்றிலிருந்து அது ஒட்டடைக்கம்பு. சுவரில் இடித்து இடித்து வளையங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அம்மா அவற்றை எதற்கும் இருக்கட்டும் என்று தையல் டப்பாவில் போட்டு வைத்தாள். எதையும் தூக்கி எறிந்து அவளுக்குப் பழக்கமில்லை.

சில வருஷம் கழித்து ஆலையை மூடினார்கள். முதலில் அப்பா ஊர் முழுக்க வேலை தேடி அலைந்தார். அப்புறம் முக்குக் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினார். அப்புறம் வாசல் வரை. ஐப்பசி பிறந்தபோது அவர் உலகம் கட்டிலோடு நின்றுவிட்டது. சவரம் செய்வதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி சுவரைப் பார்க்கப் போய்விடுவார். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் இல்லை. இது காய்ச்சல் இல்லாத காய்ச்சல், தானாக இறங்கிவிடும் என்று நான் முடிவு செய்திருந்தேன். அம்மாவுக்கு அந்த நம்பிக்கை இல்லை. கோவிலுக்குப் போனாள், டாக்டரிடம் கூட்டிப் போனாள், தாயத்துகூடக் கட்டிப் பார்த்தாள். அப்பா எல்லாவற்றுக்கும் கையை நீட்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

ஒரு நாள் அவர் படுத்திருந்த அறையில் ஒட்டடை அடிக்க அம்மா உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். துடைப்பம் உத்தரத்தில் உரசியதும் அப்பா திரும்பிப் படுத்தார். அந்தக் கம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பல நாட்களாக அவர் எதையும் அப்படிப் பார்த்ததே இல்லை. அம்மா பாதி ஒட்டடையோடு கம்பைக் கீழே இறக்கினாள். முற்றத்துக்கு வந்து சணலைப் பல்லால் கடித்து அறுத்து, துடைப்பத்தைக் கழற்றி எறிந்தாள். என் நினைவில் அவள் தூக்கி எறிந்த முதல் பொருள் அதுதான்.

“இதைப் பழையபடி ஆக்குறேன். அந்த மனுசன் இதை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போகலேன்னா என்னை என்னன்னு கேளு” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

வளையம் கட்டுவது அவளுக்குப் பெரிய காரியமில்லை. அவள் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவள். துணியைக் கடுகளவு கிள்ளி நூலால் இறுக்கிச் சுற்றவேண்டும். சாயத்தில் முக்கி எடுத்துப் பிரித்தால் கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். பேசிக்கொண்டே, டிவி பார்த்துக்கொண்டே, என்னைத் திட்டிக்கொண்டே ஒரு சேலை முழுக்க முடிச்சுப் போட்டுவிடுவாள். தையல் டப்பாவிலிருந்த வளையங்களைத் தூண்டிலில் வைத்துச் சிவப்பு நூலால் கட்டி முடித்தபோது, இழைக்கு இழை இடைவெளியே தெரியவில்லை.

பூச்சுதான் அவளைப் படுத்தி எடுத்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, சிம்மக்கல் பக்கம் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அவர் யார் யாரையோ விசாரித்து இரண்டு புட்டிகள் வாங்கி வந்தார். இரண்டிலும் இருப்பதைக் கலந்தால்தான் அது இறுகுமாம்.

“சரிக்குச் சரி கலக்கணும்க்கா. அளந்து ஊத்து” என்றார்.

“எனக்கா அளவு சொல்ற? கல்யாண வீட்டு சாம்பாருக்கே கண்ணளவுல உப்புப் போடுறவடா நான்.”

கண்ணளவில்தான் ஊற்றினாள். பூசினாள். மறுநாள் தொட்டால் பிசுபிசு. அதற்கு மறுநாளும் பிசுபிசு. வெளியே அடைமழை. உப்பு ஜாடியில் உப்பே தண்ணீராக நின்றது. தெருவில் உள்ள கொசுவெல்லாம் தூண்டிலில் வந்து ஒட்டிக்கொண்டது. மீன் பிடிப்பதற்கு முன்பே கொசு பிடிக்கிறதே என்று நான் சிரித்ததற்கு முதுகில் ஒன்று வாங்கினேன். அம்மா பிளேடை எடுத்து, கட்டிய நூலையெல்லாம் அறுத்து, பசையைச் சுரண்டி, முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தாள். இந்தத் தடவை பரணிலிருந்து என் பாலாடையைத் தேடி எடுத்தாள். குழந்தையில் எனக்கு மருந்து புகட்டிய பாலாடை. அதில்தான் அளந்தாள்.

“மழையில ஒண்ணும் காயாதுக்கா. எங்க காயிலுக்கு வார்னிஷ் போட்டாலும் இதே கதைதான். பெட்டிக்குள்ள பல்பைப் போட்டுச் சூட்டுலதான் காய வைப்போம்” என்றார் மாமா.

“அப்ப பெட்டி செய்வோம்” என்றாள் அம்மா.

சிம்மக்கல் பழ மண்டியிலிருந்து ஆப்பிள் பெட்டிகளை மாமா சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். தூண்டில் துண்டு நீளமாக இருந்ததால் பெட்டிகளை வரிசையாக வைத்து, நடுவில் இருந்த பலகைகளைத் தட்டி எடுத்து, ஒரே பெட்டியாக அடித்தார். உள்ளே கொலுவுக்கு வாங்கி மிஞ்சிய ஜிகினாத் தாளை நான் ஒட்டினேன். அடியில் பல்புகள், பல்புகளுக்கு மேலே தகரத் தட்டு. இரண்டு முனைகளிலும் ஓட்டை. தூண்டில் துண்டை அந்த ஓட்டைகள் வழியாகச் செருகிவிட்டால் உள்ளே அந்தரத்தில் நிற்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைப் பிடித்துச் சுற்றலாம். மூடிக்குக் கீலும் தாழ்ப்பாளும் வேண்டியிருந்தது. கடைக்குப் போகிறேன் என்ற மாமாவை அம்மா தடுத்தாள். அப்பாவின் அறைக்கதவிலிருந்து உள்தாழ்ப்பாளைக் கழற்றித் தரச் சொன்னாள். எங்கள் அம்மாவின் சிக்கனத்துக்கு அளவே இல்லை என்று எனக்குத் தோன்றியது. மாமா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, திருப்புளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வாசலில் பெட்டி ஆணியடிபட்டுக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, “என்ன மதினி, ஆள் படுக்குற நீளத்துக்குப் பெட்டி அடிக்கிறீங்க?” என்று கேட்டுவைத்தாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. “வாயைக் கழுவிட்டு வந்து பேசு!” என்று தெருவே கேட்கக் கத்தினாள். குழாயடிச் சண்டையில்கூடக் குரலை உயர்த்தாதவள். தண்ணீருக்கு வராத கோபம் ஒரு பெட்டிக்கு வருகிறதே என்று நான் வாயைப் பிளந்தேன்.

முதல் நாள் மாமா அவருடைய கடைக் கணக்குக்கு நூறு வாட்ஸ் பல்புகளைப் போட்டுக் கொடுத்தார். காயில் கட்டுகிறவருக்கு எதைப் பார்த்தாலும் மோட்டாராகத்தானே தெரியும். அரை நாள் கழித்துத் திறந்தால் பூச்சு முழுக்க அப்பளம் மாதிரி கொப்புளம். மாமா தலையைச் சொறிந்தார். அம்மா மறுபடி பிளேடை எடுத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. நூலை அறுத்தாள், சுரண்டினாள், கட்டினாள். விரல் நுனியெல்லாம் வெடித்துப்போய் அவள் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டது அந்த நாட்களில்தான்.

அடுத்த தடவை மாமாவின் யோசனையை அவள் கேட்கவில்லை. நாற்பது வாட்ஸ் பல்பு போட்டு, பெட்டியின் மூலையில் ஒரு கிண்ணம் பாலை உறை ஊற்றி வைத்தாள். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் உறையவே உறையாத தயிர், கட்டியாக உறைந்து நின்றது. புளிக்கவும் இல்லை. “இதான் சூடு. கைக்குழந்தைக்குத் தலைக்கு ஊத்துற சூடு” என்றாள். அதன் பிறகு பெட்டியில் பல்பு எரிந்த நாளெல்லாம் எங்களுக்கு நல்ல தயிர் கிடைத்தது.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கும் அவளுக்கும் தகராறு. டிவி இருந்த கூடத்தில் வைக்கலாம் என்றேன் நான். அப்பாவின் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில்தான் வைக்கவேண்டும் என்றாள் அவள். பிளக் அங்கேதான் இருக்கிறதாம். கூடத்திலும் இருக்கிறதே என்றதற்கு முறைத்தாள். பூச்சு இறுகுகிறவரை தூண்டிலைச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும், நிறுத்தினால் பசை கீழே இறங்கிச் சொட்டாக நின்றுவிடும். அந்தச் சுற்றுகிற வேலை எனக்கு.

“இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. ஒண்ணுக்கு வந்தாக்கூட எதிர்வீட்டு அத்தையைக் கூப்பிட்டு உட்கார வச்சிட்டுத்தான் போகணும். என்ன?”

எதிர்வீட்டு அத்தையோடு எப்போது சமாதானமானாள் என்று தெரியவில்லை. இன்னொரு அநியாயமும் இருந்தது. கட்டி முடித்த சேலைகளைத் தெற்கு மாசி வீதிக் கடையில் கொடுத்துவிட்டு வர, ரேஷனுக்கு, வங்கிக்கு என்று அம்மா வெளியே போகவேண்டிய நாளாகப் பார்த்துத்தான் பூச்சுப் போடுவாள். அதுவும் பள்ளிக்கூடம் மழைக்கு விடுமுறை விட்ட நாளாகவோ, சனிக்கிழமையாகவோ இருக்கும். அவள் வீட்டில் இருக்கிற நாளில் பூசினால் அவளே சுற்றலாமே! கேட்டேன். “சொன்னதைச் செய்” என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சிங்கப்பூர்த் தூண்டிலுக்குக் காவல் நான் என்று ஒரு பெருமை இருந்ததால் பொறுத்துக்கொண்டேன்.

மழை. பெட்டியின் இடுக்குகள் வழியாக மஞ்சள் வெளிச்சம் கோடு கோடாகச் சுவரில் விழும். அப்பா அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நான் சுற்றிக்கொண்டே வாய்ப்பாடு சொல்வேன், பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வேன். அவர் கேட்டாரா என்று தெரியாது. ஒரு நாள் கை வலித்து, கொஞ்சம் வேகமாகவும் கொஞ்சம் மெதுவாகவும் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“ஒரே சீராச் சுத்து பாப்பா” என்றது ஒரு குரல்.

நான் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். “நிறுத்தாத, நிறுத்தாத” என்று கட்டிலிலிருந்து இறங்கி வந்து முனையைப் பிடித்துக்கொண்டார். ஆலையில் நூல் கதிர் ஓடுகிற மாதிரி, வேகமும் இல்லாமல் மந்தமும் இல்லாமல் அவர் கையில் அது சுற்றியது. மூடியைத் திறந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார்.

“நாலாவது வளையம் கோணலா இருக்கு. நரம்பு உரசும். யாரு கட்டுனது, உங்கம்மாவா?”

அறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். சொட்டச் சொட்ட நனைந்த குடையை மடக்கக்கூட இல்லை. அப்படியே கதவு நிலையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அப்பாவின் மேல் கடும் கோபம் வந்தது. பிளேடு வைத்துச் சுரண்டிச் சுரண்டி விரல் வெடித்துப்போன மனுஷியிடம், இத்தனை நாள் கழித்துப் பேசிய முதல் பேச்சே குறையா? “அம்மா நல்லாத்தான் கட்டியிருக்கு! நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்!” என்று கத்தினேன். அம்மா அழுதுகொண்டே என் வாயையும் பொத்தினாள். “அப்பா சொன்னாச் சரியாத்தான் இருக்கும். பிரிச்சுக் கட்டிருவோம்” என்றாள். அவள் யாருடைய கட்சி என்றே எனக்கு விளங்கவில்லை.

நாலாவது வளையத்தைப் பிரித்துக் கட்டினார்கள். அப்பா வளையத்தைப் பிடித்துக்கொள்ள அம்மா நூலைச் சுற்றினாள். அதன் மேல் பூசி, அது காய்ந்து, அடுத்த துண்டு பூசி, அதுவும் காய்ந்தது. நகத்தால் தட்டினால் டிக் டிக் என்றது. அப்பா சவரம் செய்துகொண்டார்.

மழை விட்டுக் கண்மாய்கள் நிறைந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மா புளியோதரை கட்டினாள். மீன் பிடிக்கப் போகிறவருக்கு எங்கள் அம்மா கட்டுச்சோறு கட்டினாள் என்றால் அன்றைக்கு மறுபடி மழை வந்திருக்கவேண்டும். வரவில்லை. என்னையும் கூடப் போகச் சொன்னாள். தலை பின்னிவிடுகிற சாக்கில் காதோடு காதாக, “அப்பா கையை விடவே கூடாது. தண்ணிப் பக்கம் போனா இறுக்கிப் பிடிச்சுக்கணும். அம்மா மேல சத்தியம்” என்றாள். எனக்கு நீச்சல் தெரியாது, அதனால் பயப்படுகிறாள். இதைக்கூடவா இப்படி நடுங்கிக்கொண்டு சொல்வாள் என்று நினைத்தேன்.

திருமங்கலத்தில் பஸ் இறங்கி, கண்மாய்க்கரை ஏறும்வரை நான் அவர் கையை விடவில்லை. தண்ணீர் கரை தொட்டு அலம்பிக்கொண்டிருந்தது. ஆள் நடமாட்டமில்லை. அப்பா தூண்டிலின் இரண்டு துண்டுகளையும் செருகி, நரம்பை வளையங்களில் கோத்து, விளிம்புக்குப் போனார்.

“கையை விடு பாப்பா. வீசணும்ல.”

“மாட்டேன்.”

“ஒத்தக் கையால எப்படி வீசுறது? விடும்மா.”

“அம்மா விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. தண்ணிக்கிட்டப் போனா நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கச் சொல்லிச்சு. சத்தியம் வாங்கியிருக்கு” என்று ஒப்பித்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். தூண்டிலைப் பார்த்தார். எதற்கு இப்படி நேரத்தைக் கடத்துகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. விளிம்பிலிருந்து நாலடி பின்னால் வந்து கரைமேட்டில் உட்கார்ந்தார். முழங்காலுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். என்ன ஆனாலும் சத்தியம் சத்தியம்தானே. யாரைப் பார்த்துக்கொள்ள யாரை அனுப்பியிருக்கிறாள் என்பது அவருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. எனக்குப் புரிவதற்கு நான் ஒரு பிள்ளைக்குத் தாயாகவேண்டியிருந்தது.

கடைசியில் அவர் மூக்கைச் சிந்திவிட்டு, “சரி, சட்டையைப் பிடிச்சுக்க. அதுவும் கைதான்” என்றார். அவர் சட்டையின் பின்பக்கத்தை நான் கசக்கிப் பிடித்திருக்க, உட்கார்ந்தபடியே வீசினார். ஒரு கெண்டை சிக்கியது. அதைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். அன்று பம்புசெட்டில் குளிக்கவும் இல்லை.

ஊருக்குத் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கினால், அம்மா நிறுத்தத்தில் நிற்கிறாள். எப்போதிலிருந்து நிற்கிறாளோ. மீன் நாற்றத்தோடு வந்த மனுஷரை ஏற இறங்கப் பார்த்தாள். பாவ புண்ணியக் கணக்கு எதுவும் கேட்கவில்லை. என்னிடம்தான் குனிந்து, “கையை விடலைல்ல?” என்றாள். “சட்டையைத்தான் பிடிச்சேன். அதுவும் கைதானாம்” என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். பஸ் கிளம்பிப் போனதும் அப்பா தூண்டிலைத் தோளில் மாற்றி வைத்துக்கொண்டு சொன்னார்.

“வீட்டுல ஒட்டடை அடிக்கக் கம்பு இல்லேல்ல. நாளைக்குப் போயி ஒண்ணு வாங்கிட்டு வாரேன்.”

நடுரோட்டில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மா அப்படி அழுதாள். எனக்கு மானமே போயிற்று. ஒரு ஒட்டடைக்கம்புக்குப் போய் யாராவது இப்படி அழுவார்களா என்று, தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, அவள் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.